கீ முதலில், டோன் அப்புறம்: கீபோர்டு கேள்வி–பதில்

சவுண்ட் மாட்யூல் (கீ இல்லாமல் ஓசை மட்டும் தரும் பெட்டி), மிடி கன்ட்ரோலர் (ஓசை இல்லாமல் கீ மட்டும் உள்ள பலகை) வாங்குவது பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். மன்னார்குடி முதல் வேதாரண்யம் வரை கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆடி பிறந்து கோயில் திருவிழாக்கள் தொடங்குவதற்குள் வாங்கிவிட வேண்டும் என்ற அவசரம் பலரிடம் தெரிகிறது. கையில் பணத்தோடு காத்திருப்பவர்களின் கேள்விகளை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

டீச்சர், எங்கள் குழுவில் நான்தான் கீபோர்டு. என்னிடம் இருப்பது பழைய 61 கீ. கீ எல்லாம் நன்றாக இருக்கிறது, டோன்தான் மேடைக்குப் பற்றவில்லை. திருச்சியில் ஒருவர் ரோலண்ட் ஜேவி-1080 மாட்யூல் விற்கிறார். அவ்வளவு பழைய பெட்டியை நம்பி வாங்கலாமா, இல்லை புதுக் கீபோர்டே வாங்கிவிடட்டுமா?
– மெல்லிசைக் குழுக் கலைஞர், மன்னார்குடி

வாங்கலாம் தம்பி. ஆனால் திருச்சிக்குப் பஸ் ஏறும் முன் வீட்டிலேயே இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள்.

உங்கள் கீபோர்டின் பின்பக்கம் ஐந்து துளை உள்ள வட்டச் சாக்கெட் இருக்கிறதா, அதன் மேல் ‘மிடி அவுட்’ என்று போட்டிருக்கிறதா? ஜேவி-1080 வெளிவந்தது 1994இல். அதில் யூஎஸ்பி கிடையாது, அந்த ஐந்து முள் ஒயர்தான் ஒரே வழி. அடுத்தது, கீபோர்டில் டச் ரெஸ்பான்ஸ் உண்டா? மெதுவாக அழுத்தினால் மெல்லிசாகவும், ஓங்கி அழுத்தினால் கணீரென்றும் வருகிறதா என்று வாசித்தாலே தெரிந்துவிடும். மிடி என்பது கருவிகள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பும் முறை. மிடி ஒயரில் ஓசை போவதில்லை. எந்தச் சேனல் (ஒரே ஒயரில் போகும் தனித்தனித் தடங்களில் ஒன்று), எந்தக் கீ, எவ்வளவு வேகத்தில் அழுத்தினீர்கள் என்ற தகவல்தான் போகிறது. நடு ‘சி’ என்றால் எண் 60. வேகம் 1 முதல் 127 வரை. டச் இல்லாத கீபோர்டு, நீங்கள் எப்படி அழுத்தினாலும் ஒரே எண்ணைத்தான் அனுப்பிக்கொண்டிருக்கும். அதில் எவ்வளவு நல்ல மாட்யூலை மாட்டினாலும் பியானோ உயிரில்லாமல்தான் கேட்கும். உங்களுடையது அந்த வகை என்றால், மாட்யூலுக்கு வைத்திருக்கும் பணத்தில் நல்ல கீ உள்ள கன்ட்ரோலர் ஒன்றை வாங்குங்கள். டோனை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். விரலுக்குப் பழகின கீயை மாற்றினால் கை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். என்னிடம் படிக்க வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வதும் இதுதான்: கீ முதலில், டோன் அப்புறம்.

டச் இருக்கிறது என்றால் தாராளமாகத் திருச்சிக்குப் போங்கள். போனதும் பெட்டியின் பின்புறம் மின்சாரம் எத்தனை வோல்ட் என்று எழுதியிருப்பதைப் படியுங்கள். நம் பக்கம் கைமாறும் பழைய மாட்யூல்களில் ஜப்பானிலிருந்து வந்தவையும் உண்டு. அந்த நாட்டில் 100 வோல்ட். அதை நம் பிளக்கில் நேராகச் சொருகினால் அன்றோடு முடிந்தது. 100 வோல்ட் பெட்டிதான் என்றால் அதற்கான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் விலையையும் கணக்கில் சேர்த்துப் பேரம் பேசுங்கள். கச்சேரிக்குக் கச்சேரி அந்தக் கனத்தையும் தூக்க வேண்டும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிஸ்பிளே. பழைய பெட்டிகளில் பின்விளக்கு மங்கிப்போயிருக்கும். கடையில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் தெரிகிற எழுத்து, இரவு மேடையில் தெரியாது. அறை விளக்கை அணைக்கச் சொல்லிப் பாருங்கள். உள்ளே காசு வடிவில் ஒரு பேட்டரி இருக்கிறது. நீங்கள் சேமிக்கும் டோன்களைக் காப்பாற்றுவது அதுதான். டோன் ஒன்றைச் சேமித்து, பெட்டியை அணைத்துவிட்டு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி போட்டுப் பாருங்கள். காணாமல் போயிருந்தால் பேட்டரி தீர்ந்திருக்கிறது. அது சின்னச் செலவுதான், வாங்காமல் திரும்ப அது ஒரு காரணமில்லை.

ஜேவி-1080க்குள் கூடுதல் டோன்கள் தரும் விரிவாக்க கார்டு நான்கு போட இடம் உண்டு. விற்பவரிடம் இதைக் கட்டாயம் கேளுங்கள். காலி ஸ்லாட்டுடன் வரும் பெட்டியும், ஆசிய வாத்தியக் கார்டோடு வரும் பெட்டியும் ஒரே விலைக்குப் போகக் கூடாது.

கடைசியாகப் பாலிஃபோனி. இதற்கு 64 என்று போட்டிருக்கும். ஒரே நேரத்தில் 64 ஓசை வரும் என்பதால் தாராளம் என்று தோன்றும். ஆனால் இதில் ஒரு பேட்ச் (நாம் தேர்ந்தெடுத்து வாசிக்கும் டோன்) என்பது நான்கு அடுக்கு வரை சேர்ந்தது. நான்கு அடுக்கு ஸ்ட்ரிங்ஸ் வாசித்தால் ஒரு கீக்கு நான்கு ஓசை செலவு. அப்படியானால் 16 கீதான். சஸ்டைன் பெடலை (கீயை விட்ட பிறகும் ஓசையை நீட்டுவது) மிதித்துக்கொண்டு இரண்டு சுரக்கூட்டு மாற்றினாலே பழைய சுரங்கள் ஒவ்வொன்றாக அறுந்து விழ ஆரம்பிக்கும். வாங்கும்போது இதையே செய்து பாருங்கள். எந்த இடத்தில் அறுகிறது என்று தெரிந்துவிட்டால் மேடையில் அதற்கேற்ப வாசிக்கலாம்.

எல்லாம் சரியாக இருந்தால், 90களின் பாட்டுகளை அதிகம் வாசிக்கும் குழுவுக்கு அது நல்ல பெட்டி. அந்தக் காலத்து ஸ்ட்ரிங்ஸும் பெல்லும் அந்தக் காலத்துப் பெட்டியில் கேட்கிற மாதிரி புதியவற்றில் எளிதில் வராது.

இருபத்தைந்து கீ யூஎஸ்பி கன்ட்ரோலர் வாங்கினேன். நண்பனின் மாட்யூலிலும் யூஎஸ்பி இருக்கிறது. இரண்டையும் நேராக இணைத்தால் சத்தமே இல்லை. எது பழுது?
– கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

எதுவும் பழுதில்லை. யூஎஸ்பியில் ஒரு பக்கம் எஜமானாக இருந்தாக வேண்டும். அதற்கு ஹோஸ்ட் என்று பெயர். கம்ப்யூட்டர் ஹோஸ்ட். உங்கள் கன்ட்ரோலரும் நண்பரின் மாட்யூலும் இரண்டுமே கம்ப்யூட்டரை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. இரண்டும் மற்றது பேசட்டும் என்று காத்திருக்கும், கடைசிவரை யாரும் பேச மாட்டார்கள்.

மூன்று வழி உண்டு. நடுவில் லேப்டாப் வைக்கலாம். யூஎஸ்பி மிடி ஹோஸ்ட் என்ற சின்னப் பெட்டி தனியாக விற்கிறது, அதை வாங்கி ஐந்து முள் ஒயர் வழியாக மாட்யூலுக்குக் கொடுக்கலாம். அல்லது ஐந்து முள் மிடி அவுட் உள்ள கன்ட்ரோலராக மாற்றிக்கொள்ளலாம். நோவேஷன் லாஞ்ச்கீ எம்கே3 வரிசை (மினி நீங்கலாக), ஆர்ட்டூரியா கீஸ்டெப் போன்றவற்றில் அது உண்டு. ஆகாய் எம்பிகே மினி எம்கே3 மாதிரி சின்னவற்றில் யூஎஸ்பி மட்டும்தான். வாங்கும் முன் பின்பக்கப் படத்தைப் பாருங்கள், முன்பக்க விளக்குகளைப் பார்க்காதீர்கள்.

சில வீட்டுக் கீபோர்டுகளில் பென்டிரைவ் போடும் துளை இருக்கும். அதில் கன்ட்ரோலரைச் சொருகினால் வேலை செய்யும் என்று கடையில் சொல்வார்கள். பெரும்பாலும் செய்யாது. அந்தத் துளைக்குப் பென்டிரைவைத் தவிர வேறொன்றும் தெரியாது.

நாகஸ்வர டோன் நன்றாக வரும் மாட்யூல் எது? எத்தனையோ கேட்டுவிட்டேன். எல்லாமே ஷெனாய் மாதிரிதான் இருக்கிறது. எங்கள் ஊர்க்காரர்கள் கேட்ட உடனே சிரித்துவிடுகிறார்கள் அக்கா.
– கோயில் விழாக்களில் வாசிப்பவர், திருவாரூர்

சிரிக்கத்தான் செய்வார்கள். விடியற்காலையில் மல்லாரி கேட்டு வளர்ந்த காது அது. கும்பகோணம்–மயிலாடுதுறை சாலையில் நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்து எடுக்கிற வாத்தியம், 2022இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அதன் நாதத்தை ஒரு பெட்டிக்குள் முழுசாகக் கொண்டுவந்த மாட்யூல் எதையும் நான் இதுவரை கேட்கவில்லை. நாகஸ்வரம் வாசிக்கிற வித்வான் கிடைக்கிற இடத்தில் அவரையே கூப்பிடுங்கள். கிடைக்காத இடத்தில், சினிமாப் பாட்டின் நடுவே வருகிற நாலு வரி நாகஸ்வரத்துக்கு மட்டும் கீபோர்டை நம்புங்கள்.

ஷெனாய் மாதிரி இருக்கிறது என்று நீங்கள் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1991இல் ஜெனரல் மிடி என்று 128 டோன்களுக்கு ஒரு பொது வரிசை வகுத்தார்கள். அதில் 105 சிதார், 112 ஷெனாய். வீணையும் இல்லை, நாகஸ்வரமும் இல்லை. ஆகவே வெறும் ஜெனரல் மிடி மாட்யூல் எதை வாங்கினாலும் உங்களுக்குக் கிடைப்பது ஷெனாய்தான். இந்திய டோன்களோடு வருகிற ரோலண்ட் எக்ஸ்பிஎஸ்-10, எக்ஸ்பிஎஸ்-30, யமஹா பிஎஸ்ஆர்-ஐ500, கேசியோ சிடி-எக்ஸ்9000ஐஎன் போன்றவை இந்த விஷயத்தில் கொஞ்சம் பரவாயில்லை.

ஆனால் நம் ஊர்க்காரர்களைச் சிரிக்க வைப்பது டோன் மட்டுமல்ல. சுரம் அசையாமல் நிற்பதுதான் அவர்களுக்கு முதலில் உறுத்துகிறது. சுமாரான டோனில் சரியாக வளைத்தால் தலையாட்டுவார்கள். அருமையான டோனில் நேராக வாசித்தால் எழுந்து போய்விடுவார்கள். அதனால் நீங்கள் தேட வேண்டியது நல்ல பிட்ச் வீலை, அதாவது சுரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரத்தை.

தோடியை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைப் பற்றி இன்றும் பேசுகிற ஊர்களில்தான் நாம் வாசிக்கிறோம். இரண்டு கட்டைச் சுருதியில் சட்ஜம் ‘டி’. தோடியின் காந்தாரம் ‘எஃப்’. ஆனால் அந்த ‘எஃப்’ கீயை அழுத்திவிட்டுச் சும்மா இருந்தால் அது தோடி ஆகாது. அந்தக் காந்தாரம் கீழே ரிஷபத்துக்கும் மேலே மத்யமத்துக்கும் இடையே அசைய வேண்டும். ரிஷபம் ‘ஈ ஃபிளாட்’, மத்யமம் ‘ஜி’. காந்தாரத்திலிருந்து இரண்டுமே இரண்டு செமிடோன் தூரம் (வெள்ளை, கறுப்பு எல்லாம் சேர்த்து ஒரு கீயிலிருந்து அடுத்த கீ ஒரு செமிடோன்). மாட்யூல்களில் பிட்ச் வீல் வளைவு பொதுவாக மேலே இரண்டு, கீழே இரண்டு செமிடோன் என்றுதான் வைக்கப்பட்டிருக்கும். தோடிக் காந்தாரத்துக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது. வீலை முழுக்கக் கீழே இழுத்தால் ரிஷபம், முழுக்க மேலே தள்ளினால் மத்யமம்.

வலது கை ‘எஃப்’ கீயில் நிற்கட்டும். வீலைக் கீழே இழுத்து வைத்துக்கொண்டு கீயை அழுத்துங்கள். வீலை மெல்ல விடுங்கள். ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவரும். அங்கே நிற்காமல் மேலே கொஞ்சம் தள்ளி, மத்யமத்தைத் தொட்டும் தொடாமலும் திரும்புங்கள். மறுபடி கீழே. வேகம் சீராக இருக்கக் கூடாது, கீழே சற்று நின்று மேலே சட்டென்று போக வேண்டும். இதைத் தினமும் தம்பூரா போட்டுக்கொண்டு பழகுங்கள். என் வகுப்பில் இது கைவருகிற வரை வேறு ராகத்துக்கு நான் போவதில்லை.

சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரே இழுப்பில் ஜாரு போக வேண்டும் என்றால் ஏழு செமிடோன் வேண்டும். உடனே வளைவை 12 என்று வைத்துவிடுகிறார்கள். அங்கேதான் கன்ட்ரோலரின் தரம் தெரியும். மிடியில் வீலின் நிலையைச் சொல்ல 16,384 படிகளுக்கு இடம் உண்டு. ஆனால் மலிவான வீல்கள் பல 128 படிதான் அனுப்புகின்றன. ஒரு செமிடோன் 100 சென்ட் என்று கணக்கு. வளைவு இரண்டு என்றால் மேலும் கீழுமாக 400 சென்டை 128 படியாகப் பிரித்தால் ஒரு படி மூன்று சென்ட், காதுக்குத் தெரியாது. வளைவு 12 என்று வைத்தால் ஒரு படி 19 சென்ட் ஆகிவிடும். ஜாரு வழுக்கிப் போகாமல் படிக்கட்டில் இறங்குகிற மாதிரி கடகடவென்று கேட்கும். கடையில் வளைவை 12 ஆக்கி, மிக மெதுவாக வீலைத் தள்ளிக் கேளுங்கள். படி கேட்டால் அந்தக் கன்ட்ரோலர் நம் வேலைக்கு வேண்டாம். விரல்நுனி அளவு ஜாய்ஸ்டிக் வைத்திருக்கும் குட்டி கன்ட்ரோலர்களும் கமகத்துக்குச் சரிப்படாது. கட்டைவிரல் நகர இடமே இருக்காது.

இன்னும் சில விஷயங்கள். டோனை மோனோ (ஒரு நேரத்தில் ஒரே சுரம்), லெகாட்டோ (சுரங்கள் அறாமல் தொடர்வது) என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு கீக்கும் புதிதாக ஊதுகிற மாதிரி ஆரம்ப ஓசை வரும். சஸ்டைன் பெடலில் கால் வைக்கவே வேண்டாம். அதற்குப் பதில் எக்ஸ்பிரஷன் பெடல் ஒன்று வாங்கி, மூச்சு ஏறி இறங்குவதைக் காலால் கொடுங்கள். இதெல்லாம் செய்த பிறகும் பின்னணி ஸ்ட்ரிங்ஸ் சேர்ந்து வளைந்து தொலைக்கிறதா? பிட்ச் வீல் ஒரு சேனலில் இருக்கிற எல்லாச் சுரத்தையும் ஒன்றாக வளைக்கும். நாகஸ்வரத்தை ஒரு சேனலிலும் ஸ்ட்ரிங்ஸை வேறு சேனலிலும் போடுங்கள். பதினாறு சேனல் இருக்கிறது.

எது வாசித்தாலும் டிரம்ஸ், கைத்தட்டல், விசில்தான் வருகிறது. மாட்யூல் கெட்டுவிட்டதா?
– வாசகர், பாபநாசம்

உங்கள் கன்ட்ரோலர் பத்தாவது சேனலில் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ஜெனரல் மிடியில் அது தாள வாத்தியங்களுக்கு ஒதுக்கியது. ஒன்றாவது சேனலுக்கு மாற்றுங்கள், சரியாகிவிடும்.

எங்கள் பங்கில் பாடகர் குழுவுக்குக் கன்ட்ரோலரும் மாட்யூலும் வாங்கத் தீர்மானித்திருக்கிறோம். ஆர்கன், ஸ்ட்ரிங்ஸ், பியானோ வேண்டும். 88 கீ ஹாமர் ஆக்‌ஷன் வாங்கினால்தான் நல்லது என்கிறார் ஒருவர். பாட்டுக்குப் பாட்டு சுருதி மாற்றுவோம்.
– பாடகர் குழு உறுப்பினர், திருக்காட்டுப்பள்ளி

ஹாமர் ஆக்‌ஷன் பியானோவுக்காகச் செய்தது. கீ கனமாக இருக்கும், விட்டவுடன் மெதுவாக எழும். ஆர்கனில் ஒரே சுரத்தை வேகமாகத் திரும்ப அடிக்கவும், விரலைச் சறுக்கிக்கொண்டு போகவும் அது இடைஞ்சல். நீங்கள் எழுதியிருப்பதில் பியானோ மூன்றாவதாகத்தான் வருகிறது. அதனால் 61 கீ, செமி-வெயிட்டட் (ஓரளவே கனமான கீ) போதும். திருவிழா நாட்களில் கோயிலிலிருந்து வெளி மேடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உங்கள் குழுப் பையன்கள்தானே, அவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். கீபோர்டைப் பிரித்து இடது கைக்கு ஒரு சேனல், வலது கைக்கு ஒரு சேனல் கொடுக்கிற ஸ்பிளிட் வசதி உள்ளதா என்று பாருங்கள். இடது கையில் ஸ்ட்ரிங்ஸும் வலது கையில் ஆர்கனும் வைத்துக்கொள்ள அது வேண்டும்.

சுருதி மாற்றுவதைக் கன்ட்ரோலரில் செய்யாமல் மாட்யூலில் செய்யுங்கள். கன்ட்ரோலரின் டிரான்ஸ்போஸ் பட்டன் கீயின் எண்ணையே மாற்றி அனுப்பிவிடும். பாட்டுக்கு அது சரி. ஆனால் அதே கன்ட்ரோலரின் ஒரு மூலையில் டிரம்ஸ் வைத்திருந்தால், இரண்டு கட்டை ஏற்றியதும் பாஸ் டிரம் இருந்த இடத்தில் வேறொன்று ஒலிக்கும். பூசை நடுவில் அது வேண்டாம். மாட்யூல்களில் டிரான்ஸ்போஸ் பொதுவாக டிரம் சேனலைத் தொடாது. வாங்கும்போதே சோதித்துவிடுங்கள்.

பெடல் வேலை தலைகீழாக நடக்கிறது, மிதித்தால் நிற்கிறது, விட்டால் இழுக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு கம்பெனிப் பெடலை இன்னொரு கம்பெனிக் கீபோர்டில் போட்டால் அப்படி ஆகும். பல கருவிகள் ஆன் செய்யும்போது பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதைத்தான் விட்ட நிலை என்று எடுத்துக்கொள்ளும். பெடலில் கால் வைக்காமல், பெடலை மாட்டின பிறகு ஆன் செய்யுங்கள். அப்போதும் தலைகீழ் என்றால், பக்கத்தில் சின்னச் சுவிட்சு உள்ள பெடலாக வாங்குங்கள்.

கடற்கரை ஊர். திருவிழா மேடையில் லைட், மைக் செட், நாங்கள் எல்லாம் ஒரே ஜெனரேட்டர். பாட்டு நடுவில் மாட்யூல் அணைந்து மறுபடி முதலிலிருந்து ஆன் ஆகிறது. கீபோர்டில் சில கீயும் பேசமாட்டேன் என்கிறது.
– கீபோர்டு கலைஞர், வேதாரண்யம்

இரண்டும் வேறு வேறு நோய்.

பெரிய லைட் எரியும்போதோ ஆம்ப்ளிஃபையர் ஓங்கி அடிக்கும்போதோ ஜெனரேட்டரின் வோல்ட் ஒரு கணம் இறங்குகிறது. ஃபேனும் லைட்டும் அதைத் தாங்கிவிடும். மாட்யூல் ஒரு கம்ப்யூட்டர், அது தாங்காது. கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கிற 600 விஏ யூபிஎஸ் ஒன்று போதும். மாட்யூலும் கன்ட்ரோலரும் சேர்ந்து சாப்பிடுவது சில பத்து வாட்தான். அதில் ஆம்ப்ளிஃபையரை மட்டும் மாட்டிவிடாதீர்கள். சில யூபிஎஸ்கள் ஜெனரேட்டர் மின்சாரத்தைப் பிடிக்காமல் பேட்டரிக்கே போய்க்கொண்டிருக்கும். டிக் டிக் என்று சத்தம் வந்துகொண்டே இருந்தால் அதுதான். கச்சேரிக்கு முன் மாலையிலேயே ஜெனரேட்டரைப் போடச் சொல்லிப் பாருங்கள். லைட்காரரிடம் தனி ஃபேஸில் கொடுக்கச் சொல்லிக் கேட்பதும் நல்லது. மரியாதையாகக் கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

அடாப்டர் ஒயரையும் பாருங்கள். யாராவது கால் தடுக்கி அந்த முனை அரை மில்லிமீட்டர் வெளியே வந்தாலும் பெட்டி அணையும். ஒயரை ஸ்டாண்டில் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு அப்புறம் சொருகுங்கள். இழுபட்டால் ஸ்டாண்டுதான் ஆடும். மாற்று அடாப்டர் வாங்கும்போது வோல்ட் மட்டும் பார்க்காதீர்கள். நடு முள் பிளஸ்ஸா மைனஸா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அடாப்டர் மேலேயே சின்னப் படமாகப் போட்டிருப்பார்கள்.

பேசாத கீகள் உப்புக் காற்றின் வேலை. கீக்கு அடியில் ரப்பர் பட்டையும் அதில் கறுப்புக் கார்பன் பொட்டும் இருக்கும். ஒவ்வொரு கீக்கும் இரண்டு பொட்டு. முதல் பொட்டு தொட்டதற்கும் இரண்டாவது தொட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை வைத்துத்தான் கருவி உங்கள் வேகத்தைக் கணக்கிடுகிறது. ஒன்றில் அழுக்குச் சேர்ந்தால் கீ பேசாது, அல்லது மெதுவாக அழுத்தினாலும் அலறும். ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் மெதுவாகத் துடைத்துக் காயவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தேய்க்கக் கூடாது, கார்பன் போய்விடும். இதைப் பழக்கமுள்ள மெக்கானிக்கிடம் கொடுத்துச் செய்யுங்கள். கச்சேரி முடிந்ததும் பனி ஈரத்தோடு உறைக்குள் போட்டு மூடாதீர்கள். துணியால் துடைத்து, வீட்டில் கொஞ்ச நேரம் திறந்து வைத்துவிட்டு அப்புறம் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடுங்கள். உங்கள் ஊரில் கருவி வாங்கும்போது இன்னொன்றும் சொல்வேன்: கீ பெட்டும் மாட்யூலும் தனித்தனியாக இருப்பது உங்களுக்குத்தான் அதிகப் பயன். கீ போனால் கீயை மட்டும் மாற்றலாம்.

மாட்யூலே வேண்டாம், லேப்டாப்பிலோ ஃபோனிலோ டோன் போட்டு வாசிக்கலாம் என்கிறார்களே, மேடைக்கு ஒத்துவருமா?
– இசை மாணவி, தஞ்சாவூர்

ஒத்துவரும், தயார்படுத்தினால். கீயை அழுத்திய பிறகு ஓசை வர எடுக்கும் தாமதம்தான் பிரச்சினை. லேப்டாப்பில் ஏசியோ டிரைவர் (தாமதத்தைக் குறைக்கும் மென்பொருள்) உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்து, பஃபர் (ஓசையைச் சேர்த்து வைத்து அனுப்பும் அளவு) 128 சாம்பிள் என்று வைத்தால் அந்தப் பஃபரின் தாமதம் மூன்று மில்லிசெகண்டுக்கும் குறைவு. 512 என்றால் பன்னிரண்டை ஒட்டி வரும். வேறு சில தாமதங்களும் இதோடு சேரும். காற்றில் ஓசை ஒரு மில்லிசெகண்டில் 34 சென்டிமீட்டர்தான் போகிறது. ஸ்பீக்கர் மூன்றரை மீட்டர் தள்ளி இருந்தாலே பத்து மில்லிசெகண்ட். ஆகவே கணக்குப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தவிலோடு சேர்ந்து வேகமாக வாசித்துப் பாருங்கள். விரல் முந்துவதாகத் தோன்றினால் பஃபரைக் குறையுங்கள். படபடவென்று வெடித்தால் கூட்டுங்கள். புளூடூத் ஸ்பீக்கரில் மட்டும் வாசிக்கவே வாசிக்காதீர்கள். அந்தத் தாமதத்தில் தாளம் நிற்காது.

ஐபேட் இந்த வேலைக்கு நல்ல கருவி. ஆண்ட்ராய்டு ஃபோன்கள் மாடலுக்கு மாடல் வேறுபடும், வீட்டில் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் எதை வைத்தாலும் ஏரோபிளேன் மோடில் போடுங்கள். லேப்டாப் சார்ஜர் மாட்டியதும் ஸ்பீக்கரில் ‘ஙீ’ என்று இரைந்தால், கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சு (இரைச்சல் தரும் எர்த் இணைப்பைத் துண்டிப்பது) உள்ள டிஐ பாக்ஸ் என்ற இடைப்பெட்டி வழியாக மிக்சருக்குக் கொடுங்கள்.

எனக்கு விருப்பம் என்னவென்றால், வீட்டிலும் ரெக்கார்டிங்கிலும் லேப்டாப், திறந்த மேடையில் மாட்யூல். ஆன் செய்த சில விநாடியில் வாசிக்கத் தயாராக இருப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு.

மிடி 1983இல் வந்ததாமே. மிடி 2.0 வந்துவிட்டது என்கிறார்கள். அதற்காகக் காத்திருக்கட்டுமா?
– வாசகர், பட்டுக்கோட்டை

காத்திருக்க வேண்டாம். மிடி 2.0 அறிவித்தது 2020இல். புதியது பழையதோடும் பேச வேண்டும் என்றுதான் அதை வகுத்திருக்கிறார்கள். ரோலண்டின் இகுதாரோ ககேஹாஷியும் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸின் டேவ் ஸ்மித்தும் முன்னின்று போட்டி கம்பெனிகளை ஒரே ஒயருக்கு ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அதனால்தான் மன்னார்குடித் தம்பி தன்னுடைய கீபோர்டை 1994ஆம் வருடத்து மாட்யூலில் மாட்ட முடிகிறது. எனக்கு அந்த இருவர் மேலும் பெரிய மரியாதை உண்டு.

மகளுக்கு எட்டு வயது. கீபோர்டு கற்க ஆசைப்படுகிறாள். மலிவாக இருக்கிறது என்று மிடி கன்ட்ரோலர் வாங்கலாமா?
– ஒரு தந்தை, கும்பகோணம்

வேண்டாம் ஐயா. கன்ட்ரோலருக்குள் ஓசையே கிடையாது. குழந்தை வாசிக்க நினைக்கும்போதெல்லாம் நீங்கள் லேப்டாப்பை எடுத்து வைத்து ஒயர் மாட்டிக்கொடுக்க வேண்டியிருக்கும். ஒரு வாரத்தில் ஆசை போய்விடும். ஸ்பீக்கர் உள்ளேயே இருக்கிற, 61 முழு அளவுக் கீ உள்ள, டச் ரெஸ்பான்ஸ் உள்ள சாதாரணக் கீபோர்டு வாங்கிக் கொடுங்கள். மினி கீ வேண்டாம், விரல் இடைவெளி தப்பாகப் பழகும். பின்பக்கம் கம்ப்யூட்டருக்கான யூஎஸ்பியோ மிடி அவுட்டோ இருக்கிற மாடலாகப் பாருங்கள். பிறகு ஒரு மாட்யூல் வாங்கினால் அதே கீபோர்டே அவளுக்குக் கன்ட்ரோலர் ஆகிவிடும்; யூஎஸ்பி மட்டும் என்றால் மேலே சொன்னபடி நடுவில் லேப்டாப்போ ஹோஸ்ட் பெட்டியோ வேண்டும். அப்போது லோக்கல் கன்ட்ரோல் என்பதை ஆஃப் செய்துவிட்டால் கீபோர்டின் சொந்த ஓசை நின்று மாட்யூல் ஓசை மட்டும் வரும். எடுத்தவுடன் மேசையில் வைத்து வாசிக்க வைக்காதீர்கள், அவள் முழங்கை உயரத்துக்கு இறங்குகிற ஸ்டாண்டும் சேர்த்தே வாங்குங்கள்.